திருவிதாங்கூரின் தனிநாட்டுக் கனவும் கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீரும்

கம்பம் பள்ளத்தாக்கில் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயரை அறியாத வீடு அரிது. தேனியை அடுத்த பாலார்பட்டியில் தை மாதத்தில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013ஆம் ஆண்டு முதல் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. அவர் கட்டிய அணையைப் பற்றியும் அதற்குப் பலியான உயிர்களைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அந்த அணை நிற்கும் நிலம் அன்று எந்த நாட்டுக்கு உரியதாக இருந்தது, அந்த நாடு பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வியை நாம் அதிகம் எழுப்பியதில்லை.

அந்த நாடு திருவிதாங்கூர். 1947ஆம் ஆண்டு ஜூன் 11 முதல் ஜூலை 30 வரை, ஏறத்தாழ ஏழு வாரங்கள், அது உலக நாடுகளின் வரிசையில் தனியொரு நாடாகச் சேர முயன்றது. அம்முயற்சி வென்றிருந்தால் குமுளி மலைப்பாதையின் உச்சியில் அந்நிய நாட்டின் எல்லை தொடங்கியிருக்கும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்கு வரும் தண்ணீர் வேறொரு நாட்டின் ஏரியிலிருந்து இறங்கிவரும் தண்ணீராகியிருக்கும். ஒரு சிறிய நாடு சர்வதேச சமூகத்தில் இடம் கேட்கும்போது எதிர்கொள்ள வேண்டிய சட்டச் சிக்கல்களையும் இராஜதந்திரச் சிக்கல்களையும் புரிந்துகொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே போதும்.

கப்பம் கட்டிய நாடு

முதலில் திருவிதாங்கூர் எத்தகைய நாடாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 60 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சொந்த நாணயம், 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் துறை, சொந்த நீதிமன்றங்கள், சட்டசபை, சிறியதொரு படை எல்லாம் அதற்கு இருந்தன. நீண்ட கடற்கரையும் இருந்தது. அன்றைய உலகில் விடுதலை பெற்றிருந்த பல நாடுகளைவிட மக்கள்தொகையில் அது பெரியது.

ஆனால் நாட்டுக்குரிய அடையாளங்கள் இருப்பது ஒன்று, மற்ற நாடுகள் அதை நாடாக ஏற்பது வேறொன்று. 1795இலும் 1805இலும் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழியே திருவிதாங்கூர் பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றது. அதற்கு விலையாக அந்நிய அரசுகளோடு தன்னிச்சையாகத் தொடர்புகொள்ளும் உரிமையைக் கைவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் கப்பம் செலுத்தியது. 1865ஆம் ஆண்டு சென்னை மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு வணிக உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி எல்லைச் சுங்கத்தின் பெரும்பகுதியும் நீங்கியது. புகையிலை போன்ற சில பண்டங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. மலைக்கு இருபுறமும் சரக்கு தடையின்றிப் போய்வந்தது. ஒரு நாட்டின் வருவாய்க்கும் தனித்தன்மைக்கும் அடையாளமான சுங்கச் சாவடி தன் வலிமையை இழந்தது.

இந்த உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்கு இடையே ஆனவை போலவே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் மணிப்பூர்க் கலகத்தை அடுத்து 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசு தன் அரசிதழில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பேரரசியின் பிரதிநிதியான இந்திய அரசுக்கும் சுதேச சமஸ்தானங்களுக்கும் இடையிலான உறவுக்குச் சர்வதேசச் சட்டத்தின் கோட்பாடுகள் பொருந்தா என்பது அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் சர்வதேசச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அவற்றை ஆண்ட உறவுக்கு 'பாரமவுண்ட்சி', அதாவது மேலாதிக்கம் என்று பெயர். அதன் எல்லை எதுவென்று யாரும் வரையறுத்ததில்லை. 1929இல் அறிக்கை தந்த பட்லர் குழுவும் வரையறுக்க மறுத்துவிட்டது. எல்லை வகுக்கப்படாத அதிகாரம் வலியவனுக்கே வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. விடுதலை பெறாத இந்தியா 1919இலேயே வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிகானேர் மன்னர் கங்கா சிங். ஆனால் அவர் ஆண்ட பிகானேருக்கோ, திருவிதாங்கூருக்கோ அந்தச் சங்கத்தில் இடமில்லை. ஐரோப்பாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. சின்னஞ்சிறு லீக்டன்ஸ்டைன் 1920இல் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, இறையாண்மைக்குரிய பணிகள் சிலவற்றைப் பிற நாடுகளிடம் ஒப்படைத்துவிட்டது, படையும் இல்லை என்ற காரணங்களால் மறுக்கப்பட்டது. அந்நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது 1990இல்தான்.

ஒரு குத்தகைப் பத்திரம்

இத்தகைய நாட்டோடுதான் சென்னை மாகாண அரசு பெரியாற்று நீருக்காகப் பேச வேண்டியிருந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் திட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பேசப்பட்டு வந்தது. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடியபின் அது அவசரத் தேவையாயிற்று. பணமும் பொறியாளர்களும் சென்னையிடம் இருந்தன. அணை கட்ட வேண்டிய காடு திருவிதாங்கூரிடம் இருந்தது.

திவான்கள் மாறினார்கள், ரெசிடெண்டுகள் மாறினார்கள், கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவில் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் இந்திய மந்திரிக்கும் இடையே குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூருக்காகத் திவான் இராமய்யங்காரும், எதிர்த்தரப்புக்காக ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையொப்பமிட்டார்கள். 155 அடி உயரக் கோட்டுக்குள் அடங்கும் 8,000 ஏக்கர் நிலமும், பணிகளுக்காக மேலும் 100 ஏக்கரும் 999 ஆண்டுகளுக்குத் தரப்பட்டன. காலம் முடிந்தபின் மேலும் 999 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளவும் குத்தகைதாரருக்கு உரிமை இருந்தது. வாடகை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய்.

இந்த 40,000 ரூபாயும் மகாராஜாவின் கஜானாவுக்குக் காசாக வரவில்லை. திருவிதாங்கூர் பிரிட்டிஷ் அரசுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது. நிலத்தின் சொந்தக்காரன் கப்பம் கட்டுகிறவன், குத்தகைக்காரன் கப்பம் வாங்குகிறவன். இவ்விருவருக்கும் இடையிலான பேரம் எவ்வளவு சமமாக இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

இங்கே பரவலாக வழங்கும் ஒரு கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விசாகம் திருநாள் மகாராஜா தம் நெஞ்சின் குருதியால் கையெழுத்திடுவதாகச் சொல்லி இப்பத்திரத்தில் ஒப்பமிட்டார் என்று கேரளத்தில் சொல்வார்கள், தமிழ்நாட்டிலும் அதைத் திருப்பிச் சொல்வோர் உண்டு. ஆனால் விசாகம் திருநாள் 1885ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். பத்திரம் கையெழுத்தான நாளில் ஆட்சியில் இருந்தவர் மூலம் திருநாள். எனவே கதையைக் கதையாகவே கொள்ள வேண்டும். எனினும் அக்கதை ஏன் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தோற்ற தரப்பு தன் மனக்குறையை ஆவணத்தில் எழுத முடியாதபோது அது கதையாகித்தான் வாழும்.

அணை 1895ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே வந்த நீர் மலைச்சரிவில் இறங்கி, வைரவனாற்றின் வழியே சுருளியாற்றையும் பின்னர் வைகையையும் அடைந்தது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாக நிலைபெற்றது. மதுரை வரையிலும் அதற்கு அப்பாலும் நெல் விளைந்தது.

சிறிய நாடு வென்ற வழக்கு

பத்திரத்தில் ஒரு பிரிவு இருந்தது. கருத்து வேறுபாடு எழுந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரை நியமிக்க வேண்டும், அவர்கள் உடன்படாவிட்டால் நடுவர் ஒருவர் முடிவு செய்ய வேண்டும் என்பதே அது. 1886இல் இந்தப் பிரிவை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். அதன் வலிமை அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது.

மலையிலிருந்து விழும் அந்த நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு திட்டமிட்டது. தண்ணீர் பாசனத்துக்காகவே தரப்பட்டது, மின்சாரத்துக்காக அன்று என்று திருவிதாங்கூர் மறுத்தது. 1936 முதல் திவானாக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர். 1940இல் பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் சொந்த நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. நீரின் புதிய விலையை அந்த அரசு நன்கு அறிந்திருந்தது. மத்தியஸ்தர்கள் இருவரும் உடன்படவில்லை. வழக்கு நடுவரான சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போயிற்று. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அவர் 1941ஆம் ஆண்டு மே 12 அன்று தீர்ப்பளித்தார். பாசனம் தவிர வேறு பயன்பாட்டுக்குச் சென்னைக்கு உரிமை இல்லை என்பது முடிவு.

இத்தீர்ப்பின் பொருளை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1891ஆம் ஆண்டு அறிவிப்பின்படி திருவிதாங்கூருக்குச் சர்வதேசச் சட்டம் கிடையாது. பேரரசு அதைச் சமமான நாடாக ஒருபோதும் நடத்தியதில்லை. ஆனால் ஒரு குத்தகைப் பத்திரத்தின் முன்னே அது சமமான தரப்பாக நின்று, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய மாகாணத்தை வென்றது. இறையாண்மை என்ற பெரிய சொல் தராத மரியாதையை ஒப்பந்தத்தின் ஒரு சிறு பிரிவு தந்தது. சிறிய நாடுகளின் வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம். படையில்லாதவனுக்குப் பத்திரமே படை.

ஏழு வாரத் தனிநாடு

ஆறே ஆண்டுகளில் அதே திருவிதாங்கூர் பத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் பிரகடனத்தின் பாதைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டு மே 12ஆம் தேதியிட்ட குறிப்பில் அமைச்சரவைத் தூதுக்குழு, பிரிட்டன் வெளியேறும்போது மேலாதிக்கம் எவருக்கும் கைமாற்றப்படாது, அது அற்றுப்போகும் என்று கூறியிருந்தது. சர் சி. பி. இதிலிருந்து வழக்கறிஞருக்குரிய நேர்த்தியோடு ஒரு முடிவை வருவித்தார். மேலாதிக்கம் போய்விட்டால் ஒப்படைத்த உரிமைகள் மன்னரிடம் திரும்புகின்றன. ஆகவே திருவிதாங்கூர் முழு இறையாண்மை கொண்ட நாடாகிவிடும். 1947ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று அம்முடிவு அறிவிக்கப்பட்டது. பாகிஸ்தானுக்குப் பிரதிநிதி ஒருவரை அனுப்பும் அறிவிப்பும் தொடர்ந்து வந்தது. சமஸ்தானங்கள் விரும்பினால் தனித்து நிற்கலாம் என்ற கருத்தை ஜின்னாவும் ஆதரித்தார்.

தருக்க அளவில் இவ்வாதத்தில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் ஒரு நாடு உலக அரங்கில் நுழைய வேண்டிய வாசல்கள் வேறு.

முதல் வாசல் அங்கீகாரம். காங்கிரஸ் கமிட்டி ஜூன் நடுவில் கூடி, எந்தச் சமஸ்தானத்துக்கும் தனிநாடாகும் உரிமையை ஏற்க மறுத்தது. அத்தகைய நாட்டை எந்த அந்நிய அரசாவது அங்கீகரித்தால் அது நட்புக்கு மாறான செயலாகக் கருதப்படும் என்று நேரு எச்சரித்தார். திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் தோரியம் தரும் மோனசைட் இருந்தது. அணுயுகம் தொடங்கியிருந்த காலம் அது. பிரிட்டிஷ் அரசுத் துறைகள் சிலவற்றுக்கு அந்த மணலில் ஆர்வம் இருந்தது உண்மை. ஆனாலும் சமஸ்தானங்களைத் தனிச் சர்வதேச நாடுகளாக ஏற்கும் எண்ணமில்லை என்று இந்திய மந்திரி லிஸ்டோவல் பிரபு ஜூலையில் பிரபுக்கள் சபையில் தெரிவித்துவிட்டார். அரிய கனிமம் ஒரு சிறிய நாட்டுக்கு வாடிக்கையாளர்களைத் தேடித்தரும். அவர்கள் தூதர்களை அனுப்புவார்கள் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது வாசல் வழியும் உணவும். திருவிதாங்கூர் தனக்குத் தேவையான அரிசி முழுவதையும் விளைவிக்கும் நாடாக இருக்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது அங்கே பட்ட துன்பம் அப்போது யாருக்கும் மறந்திருக்காது. கடல்வழி இருந்தது, ஆனால் வெளியுலகோடு அதை இணைத்த ஒரே இரயில் பாதை செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் சென்றது. மலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்துத் தமிழர்கள். ஏலமலையின் காய்க்குச் சந்தை போடிநாயக்கனூர். எல்லையை மூடினால் போடியும் கம்பமும் வருந்தியிருக்கும். திருவிதாங்கூரின் மலைநாடு அதைவிட அதிகமாக வருந்தியிருக்கும்.

மூன்றாவது வாசல் உள்நாட்டு மக்கள். புன்னப்புர, வயலார் போராட்டங்கள் 1946 அக்டோபரில் குருதியில் ஒடுக்கப்பட்டிருந்தன. சமஸ்தானக் காங்கிரஸ் தனிநாட்டை எதிர்த்தது. நாகர்கோவிலை மையமாகக் கொண்ட திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்றது. அவர்கள் கேட்ட பகுதிகளில் தேவிகுளமும் பீர்மேடும் அடங்கும். பெரியாறு அணை நிற்பது பீர்மேடு தாலுகாவில்தான். தன் மக்களின் சம்மதம் இல்லாத பிரகடனத்துக்கு வெளியார் சம்மதம் கிடைப்பது கடினம்.

நான்காவது வாசல்தான் நம் பள்ளத்தாக்கைத் தொடுகிறது. அதுவே பழைய ஒப்பந்தங்களின் நிலை.

விடுதலை தந்த வாக்கியம், ஒப்பந்தத்தை அறுத்த வாக்கியம்

1947ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று இந்திய விடுதலைச் சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் 7ஆம் பிரிவின் (1)(ஆ) உட்பிரிவு, சமஸ்தானங்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கம் அற்றுப்போவதாகச் சொல்கிறது. அதே மூச்சில், மன்னர்களோடு பிரிட்டிஷ் முடியரசு செய்துகொண்ட எல்லா உடன்படிக்கைகளும் ஒப்பந்தங்களும் அற்றுப்போவதாகவும் சொல்கிறது. சுங்கம், போக்குவரத்து, தபால், தந்தி முதலியவை பற்றிய ஏற்பாடுகள் மட்டும், யாரேனும் ஒரு தரப்பு விலகும் வரையிலோ புதிய உடன்பாடு வரும் வரையிலோ தொடரும் என்று ஒரு விலக்கு இருந்தது. ஆற்று நீர் அந்த விலக்கில் பெயர் சொல்லப்படவில்லை.

சர் சி. பி.யின் விடுதலை வாதம் இந்தச் சட்ட நிலையின் முதற்பாதியைப் பற்றிக்கொண்டது. இரண்டாம் பாதி அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கப்பத்தையும் ரெசிடெண்டையும் அறுத்தெறிந்த அதே கத்தி 999 ஆண்டுக் குத்தகையையும் அறுத்துவிடுமா? அறுத்துவிடும் என்றால் கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர் ஆகஸ்டு 15 காலையில் எந்த உரிமையின் பேரில் சுரங்கத்தில் இறங்கும்? திருவிதாங்கூரின் கண்ணால் பார்த்தால் இது பெரிய ஆயுதமாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கத்திக்கு இரு முனையும் கூர்மை. குத்தகை செத்தால் 1865ஆம் ஆண்டின் வணிக உடன்பாட்டுக்கும் அரசியல் ஏற்பாடுகளுக்கும் உயிர் எங்கிருந்து வரும்? தனக்குக் கெடுதலான பத்திரங்களை மட்டும் சாகவிட்டு, நன்மையானவற்றை வாழவைக்கும் வித்தையைப் பெரிய வல்லரசுகள் செய்துகாட்டலாம். சிறிய நாடு செய்ய முடியாது.

முடிவு விரைவில் வந்தது. ஜூலை மூன்றாம் வாரத்தில் சர் சி. பி. டெல்லி சென்று மவுண்ட்பேட்டனைச் சந்தித்தார். ஊர் திரும்பிய சில நாட்களில், ஜூலை 25 அன்று, திருவனந்தபுரத்தில் ஒரு இசை நிகழ்ச்சியின்போது அவர் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். ஜூலை 30 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணையச் சம்மதித்துச் செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றும் டெல்லிக்குப் போயின. ஆகஸ்டு மாதத்திலேயே சர் சி. பி. பதவி விலகிச் சென்றார்.

இணைப்புப் பத்திரத்தோடு சமஸ்தானங்கள் இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டன. பழைய ஏற்பாடுகள் இருந்தபடியே தொடரும் என்று கூறும் ஒப்பந்தம் அது. அதன் அட்டவணையில் சுங்கம், தபால், இரயில், உப்பு ஆகியவற்றோடு 'பாசனமும் மின்சக்தியும்' என்றொரு இனமும் இருந்தது. அந்த ஆகஸ்டில் கொடிகள் மாறின. சுரங்கத்தில் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் கவனிக்காத ஓர் அட்டவணையின் ஒரு வரிக்கும் அதில் பங்குண்டு.

தனித்து நிற்க முயன்ற மற்றொரு பெரிய சமஸ்தானமான ஹைதராபாத்தின் கதை வேறு வகையில் முடிந்தது. அது 1948 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையிடமே முறையிட்டது. செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. அதன்பின் அந்த முறையீட்டுக்கு வாதாட ஆளில்லாமல் போயிற்று. திருவிதாங்கூர் அந்த எல்லைக்குப் போகாமல் நின்றது மலையின் இருபுறத்து மக்களுக்கும் நல்லதாயிற்று.

நாடு மறைந்தபின் நின்ற பத்திரம்

1949ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று திருவிதாங்கூர், கொச்சியோடு சேர்ந்து ஒரே மாநிலமாயிற்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றன. குத்தகை கொடுத்தவரும் இல்லை, குத்தகை எடுத்தவரும் இல்லை. குத்தகை மட்டும் இருந்தது.

1941இல் தோற்ற மின்சார உரிமையைச் சென்னை பின்னர் பேச்சுவார்த்தையால் பெற்றது. லோயர் கேம்ப்பில் மின்நிலையம் எழுந்தது. 1970ஆம் ஆண்டு மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 30 ரூபாயாயிற்று. எடுக்கும் மின்சாரத்துக்குத் தனியே கட்டணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏரியின் மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, பழைய அநீதியின் ஒரு பகுதி இன்னொரு பத்திரத்தால் திருத்தப்பட்டது.

பிறகு அணையின் உறுதி பற்றிய வழக்குகள் வந்தன. 1979இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டதும், 2006இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்ததும், கேரளம் உடனே சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்ததும், 2011 டிசம்பரில் குமுளி எல்லை கொதித்ததும் பலர் நினைவில் இருக்கும். ஆனால் 2014ஆம் ஆண்டு மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பில், உயரம் பற்றிய பேச்சுக்கு நடுவே 1947 மீண்டும் உயிர்பெற்றதைப் பலர் கவனிக்கவில்லை.

விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவால் 1886 குத்தகை அன்றே காலாவதியாகிவிட்டது என்று கேரளம் வாதிட்டது. சமஸ்தான மன்னர்களின் உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 363ஆம் பிரிவையும் சுட்டியது. உச்சநீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. 7ஆம் பிரிவு அரசியல் தன்மையுள்ள உடன்படிக்கைகளைப் பற்றியது, பெரியாற்றுக் குத்தகை அத்தகையது அன்று, ஆகவே அது காலாவதியாகவில்லை என்றது. 1970 ஒப்பந்தங்களின் வழியே கேரளமே அக்குத்தகையை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும் காட்டப்பட்டது. 2006 திருத்தச் சட்டம் இந்த அணையைப் பொறுத்தவரை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

இத்தீர்ப்பின் உட்பொருள் விசித்திரமானது. அந்தப் பத்திரம் இரு நாடுகளுக்கு இடையிலான அரசியல் உடன்படிக்கையாக இருந்திருந்தால், பேரரசோடு சேர்ந்து அதுவும் மறைந்திருக்கும். நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் இடையிலான சாதாரணப் பத்திரமாக இருந்ததால் பிழைத்தது. பேரரசு திருவிதாங்கூரை நாடாக மதித்ததை விட நிலக்காரராக மதித்ததே இன்று பள்ளத்தாக்கின் சட்ட உரிமைக்கு அடித்தளம்.

இதை நாம் மகிழ்ச்சியோடு மட்டும் வாசிக்க முடியாது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு அந்தத் தண்ணீர் உயிர். ஆறு தலைமுறையின் வாழ்வு அதைச் சார்ந்து எழுந்திருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு எவருக்கும் நியாயமில்லை. அதே வேளையில், அந்த உரிமையின் வேரில் ஒரு சிறிய நாட்டின் கட்டாயம் கிடக்கிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் நன்றியுணர்வில், கப்பத்தில் கழிக்கப்பட்ட அந்த 40,000 ரூபாயின் நினைவுக்கும் சிறிது இடம் இருந்தால், மலைக்கு அப்பால் இருப்பவர்களோடு பேசும் மொழி சற்று மாறும். அவர்களும், 1941இல் தங்களுக்கு நீதி தந்தது இதே பத்திரத்தின் ஒரு பிரிவுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உலகோடு இணைய விரும்பும் சிறிய நாடுகள் பெரும்பாலும் கொடியையும் பிரகடனத்தையும் முன்னே வைக்கின்றன. திருவிதாங்கூரின் கதை வேறொன்றைச் சொல்கிறது. ஏழு வாரத் தனிநாட்டை எவரும் அங்கீகரிக்கவில்லை. அது காகிதத்தோடு போயிற்று. மத்தியஸ்தத்துக்கு வழிசெய்த ஒரு பிரிவும், அட்டவணையின் ஒரு வரியும், 1970இல் கூட்டிய வாடகையும் நிலைத்தன. இணைப்பு என்பது இத்தகைய சிறு காகிதங்களால் ஆனது. அவற்றை எழுதும்போது எளியவன் தலைகுனிந்து நிற்க நேர்ந்தால், அந்தக் குனிவு நூற்றாண்டுகள் கழித்தும் இரு பக்கத்து மக்களையும் வருத்தும். சுரங்கத்தின் வழியே இன்றும் இறங்கிவரும் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகிறது.